எவர்சில்வர் பரிசு போதாது

மகளிர் குழுக் கூட்டம் என்றால் சந்தா, கடன், தவணை என்று இருந்த காலம் போய், பாரம்பரிய உணவுத் திருவிழாவும் அதில் சேர்ந்துகொண்டிருக்கிறது. கம்மங்கூழ், கேழ்வரகுக் களி, வாழைப்பூ வடை, முருங்கைக்கீரை அடை எல்லாம் நீள மேசையில் வரிசை கட்டி நிற்க, விருந்தினர்கள் ஒவ்வொரு வாயாக ருசி பார்க்கிறார்கள். வென்றவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரம், மற்றவர்களுக்குச் சான்றிதழ். நல்ல காரியம்தான். ஆனால் ஆண்டில் ஒரு நாள் கலையாகப் போற்றப்படும் இந்தச் சமையல், மறுநாள் காலையே யார் கண்ணிலும் படாத வீட்டுவேலையாகிவிடுகிறது. கிராமத்துப் பெண்கள் கூடிச் சமைப்பதன் முழுப் பயனும் கிடைக்க வேண்டுமென்றால், அதைப் பாரம்பரியம் என்று புகழ்வதோடு நிற்காமல், கூலிக்குரிய தொழிலறிவு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொழிலறிவு என்பது மிகையான சொல் அல்ல. ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்கு வரும் குடும்பங்களின் தூக்குகளைத் திறந்தால் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று சித்திரான்னங்கள் இருக்கும். இவற்றில் புளியோதரைக்கென்று ஒரு கணக்கு உண்டு. சோறு உதிரியாக வேக வேண்டும். அகலத் தாம்பாளத்தில் கொட்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். புளியின் அமிலமும் எண்ணெயும் சேர்ந்து வெயில் நாளிலும் சோற்றைச் சீக்கிரம் கெடவிடாது. காவிரிக்கரை வாழைத்தோட்டங்களின் தண்டும் அப்படித்தான்: நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமலிருக்க வில்லைகளை மோரில் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்றுத்தராத பதனக்கலை இது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த இந்த அறிவு, பத்துப் பதினைந்து பெண்கள் கூடும் இடத்தில்தான் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டு ஊருக்குப் பொதுவாகிறது.

இந்த அறிவுக்கு நாம் என்ன விலை தருகிறோம்? 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடங்கள். அதே சமையல் வீட்டு வாசலைத் தாண்டினால் அரசையே தாங்கும் என்பதற்குத் திருச்சியே சாட்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். 2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். ஆயினும் சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல்லாண்டுகளாகப் போராடிவருகிறார்கள். ‘வீட்டில் செய்வதுதானே’ என்ற எண்ணம் அரசின் சம்பளப் பட்டியலுக்குள்ளும் நுழைந்துவிட்டதைத்தான் இது காட்டுகிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் இரண்டு. சமையலையே பெண்ணின் தொழிலாக்கினால் அவளை அடுப்படியிலேயே கட்டிப்போட்டதாகாதா என்பது முதலாவது. நியாயமான கவலை. ஆனால் அவளைக் கட்டிப்போடுவது அடுப்பு அல்ல. அடுப்புக்குக் கணக்கு இல்லாததுதான். கூலி உள்ள வேலையை வேண்டாம் என்று விடலாம், கூடுதலாகக் கேட்கலாம், ஆண்களும் அதைத் தேடி வருவார்கள். கல்யாணச் சமையலில் ஆண்களே மிகுந்திருப்பது அதனால்தான். 2023-இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, வீட்டுவேலைக்கும் மதிப்புண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். இரண்டாவது மறுப்பு, விற்பனைக்குப் போனால் கைமணம் போய்விடும் என்பது. மணப்பாறை முறுக்கைப் பாருங்கள். பாதி வெந்ததும் எடுத்து ஆறவைத்து மறுபடி பொரிக்கும் முறையை அந்த ஊர் கைவிடவில்லை. தலைமுறைகளாக விற்பனைக்கே போன அந்தப் பண்டம் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. சந்தை கைமணத்தை அழிக்கும் என்பதைவிட, விலை கிடைக்காத கைமணம் அடுத்த தலைமுறைக்குப் போகாது என்பதே அதிகம் உண்மை.

ஆகவே அடுத்த உணவுத் திருவிழாவில் பரிசுக்கு முன்னால் கணக்கு வரட்டும். மாவு, எண்ணெய், எரிவாயு என்று எழுதும் குழுக்கள், தங்கள் கைவேலை நேரத்தை எழுதாமல் விட்டுவிட்டு லாபம் என்று மகிழ்வது எளிது. ஒரு கிலோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்ச, மாவு பிசைந்து புளிக்கவைக்க, சுட்டெடுக்க எத்தனை மணி நேரம், அதற்கு என்ன கூலி என்பது குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்துத்தான் விலை போட வேண்டும். அரசு அலுவலகக் கூட்டங்களுக்குச் சிற்றுண்டி வாங்குவோரும் அந்த விலையைப் பேரம் பேசாமல் தர வேண்டும். பாத்திரப் பரிசு ஒரு பெண்ணுக்குப் போகும்; கூலி விகிதம் குழுவிலுள்ள எல்லோருக்கும் வரும்.