கணிப்பொறியின் இரு வாயில்கள்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியை அடுத்துள்ள ஊர் ஹெப்பகோடி. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் அவ்வூர் வழியே ஓடத் தொடங்கியது. பிழைப்பின் பொருட்டு அப்பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுள், பைதான் என்னும் கணிப்பொறி மொழியைப் பயில்வோர் உண்டு. அவர்களைத் திகைக்க வைக்கும் இடர் ஒன்றை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

மாணவர் ஒருவர் கட்டளை வரியில் அமர்ந்து, ஒரு வரைபடத்தைக் காட்டுமாறு பணிக்கிறார். சாளரம் தோன்றுகிறது, உள்ளேயோ வெறுமை. சுட்டியை அழுத்தினாலும் அசைவில்லை. அவர் பதறி யாவற்றையும் மூடிவிடுகிறார். பல மணி நேரம் உழைத்துச் சேர்த்த கணக்குகளும் அத்துடன் அழிகின்றன. இதில் பொறியின் பழுது ஏதுமில்லை.

தேநீர்க் கடையில் ஒருவரே ஆள் என்று கொள்வோம். வாடிக்கையாளரை எதிர்நோக்கி வாசலையே பார்த்திருந்தால், அடுப்பில் பால் பொங்கி வழியும். பாலையே பார்த்திருந்தால் வந்தவர் திரும்பிப் போவார். பைதானின் நிலையும் இதுவே. கட்டளை வரி நம் விசையழுத்தத்திற்காகக் காத்து நிற்கிறது. சாளரமோ, சுட்டியின் அசைவையும் திரையைப் புதுப்பிக்கும் தேவையையும் ஓயாது கவனிக்கும் ஒரு சுழற்சியால் இயங்குகிறது. இதனை 'நிகழ்வுச் சுழற்சி' எனலாம். இரண்டுக்கும் பணியாள் ஒருவரே. சுழற்சியை நாமே நேரே தொடங்கிவிட்டால் சாளரம் உயிர்பெறும். ஆனால் அது மூடப்படும்வரை கட்டளை வரி திரும்பாது.

வாசலை நோக்கியிருக்கும் வேளையிலேயே இடையிடையே அடுப்பையும் பார்த்துக்கொள்வதுதான் தீர்வு. இதற்கெனப் பைதானில் 'இன்புட் ஹூக்' என்னும் கொக்கி உண்டு. கட்டளை வரி விசைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அது சாளரத்தின் வேலைகளைச் சிறிது சிறிதாக முடித்துவைக்கும். டிகிண்டர் என்னும் சாளரக் கருவித்தொகுதி இக்கொக்கியைத் தானே மாட்டிக்கொள்கிறது. பெர்னாண்டோ பெரெஸ் 2001இல் தொடங்கிய ஐபைதானிலோ, சதவிகிதக் குறியுடன் கூடிய 'ஜியுஐ' கட்டளையால் வேண்டிய கருவித்தொகுதியை நாமே இணைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் இதற்கோர் எல்லை உண்டு. கொக்கி வேலை செய்வது காத்திருக்கும் நேரத்தில் மட்டுமே. நீண்ட கணக்கு ஒன்று ஓடும்போது கடைக்காரர் பேரேட்டில் மூழ்கியவர் போலாவார். வாசலும் அடுப்பும் கவனிப்பாரற்றுப் போகும்.

ஆகவே, சாளரம் உறைந்தால் உடனே மூடிவிட வேண்டா. கணக்கு ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓடினால் பொறுத்திருக்கலாம், அல்லது கட்டுப்பாட்டு விசையுடன் 'சி' விசையை அழுத்தி நிறுத்தலாம். பெரும்பாலும் கட்டளை வரி மீளும். அதுவரை சேர்த்துவைத்த மதிப்புகளும் நினைவகத்தில் நிலைத்திருக்கும். கணக்கு ஓடாமலே சாளரம் உறைந்திருந்தால், கொக்கி மாட்டப்படவில்லை என்று அறியலாம். காரணம் அறிந்தவர் பதறுவதில்லை. பதறாதவரின் உழைப்பு வீணாவதுமில்லை.