கணிக்கும் பொறி

மேற்கு வானில் கருமேகம் திரள்வதையும், எறும்புகள் முட்டைகளைச் சுமந்துகொண்டு மேட்டு நிலம் நாடுவதையும் கண்ட உழவன், மழை வரும் என உணர்ந்து களத்து நெல்லை மூடி வைக்கிறான். நாடி பிடித்துப் பார்த்த மருத்துவர், உடலின் உள்ளே மறைந்திருக்கும் நோயை அறிகிறார். மலைமேல் புகையைக் கண்டவர், அங்கே நெருப்பு உண்டு எனத் துணிகிறார். கண்ட அடையாளத்தைக் கொண்டு காணாத உண்மையை உணரும் இம்முறையைக் கருதல் அளவை என்று தமிழ்ச் சான்றோர் வழங்கினர். மனிதருக்கே உரியது என நெடுங்காலம் எண்ணப்பட்ட இவ்வாற்றலின் ஒரு பகுதியை இன்று கணிப்பொறிக்கும் பயிற்றுவிக்க முடிகிறது. அவ்வாறு பயிற்றப்பட்ட பொறி, வளர்ந்து வரும் நாடுகளில் எந்த வீடு இணையத்தைப் பெறும், எந்த வீடு பெறாது என்பதைக் கணிக்கவும் பயன்படுகிறது. அது எங்ஙனம் கணிக்கிறது, அதன் சொல்லை எவ்வளவு நம்பலாம், அச்சொல்லைக் கொண்டு செய்யத்தக்கது யாது என்பன அறியத்தக்க செய்திகளாகும்.

கரையை எட்டிய இணையம்

கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்திகளுள் மிகப் பெரும்பாலானவை கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழை வடங்களின் வழியாகவே செல்கின்றன. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள கென்யா நாடு, 2009-ஆம் ஆண்டு வரை வெளியுலக இணையத் தொடர்புக்குச் செயற்கைக்கோள்களையே பெரிதும் நம்பியிருந்தது. அதனால் இணையம் விரைவு குறைந்ததாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது. அவ்வாண்டில் டீம்ஸ், சீகாம் என்னும் இரு கடலடி வடங்கள் மொம்பாசா நகரத்தை வந்தடைந்தன. நாட்டின் உட்பகுதிகளில் வடங்களும் அலைக் கோபுரங்களும் பெருகின.

ஆயினும், கரையை எட்டிய இணையம் எல்லா வீடுகளையும் எட்டிவிடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஏறத்தாழப் பாதி வீடுகளில் மின்விளக்கு எரிந்தது. நூற்றுக்கு 41 வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. இணையம் உடைய வீடுகளோ நூற்றுக்கு 18-ஐக் கூட நிறைவாக எட்டவில்லை. சரியான அளவு 17.9 ஆகும்.

இந்நிலை கென்யாவுக்கு மட்டும் உரியதன்று. 2023-ஆம் ஆண்டின் இறுதியில், செல்பேசி இணையத்தின் அலையே எட்டாத இடங்களில் வாழ்ந்தோர் உலக மக்களுள் நூற்றுக்கு 4 பேர் அளவினரே. அலை எட்டியும் அதனைப் பயன்படுத்தாதோர் நூற்றுக்கு 39 பேர் அளவினர் ஆவர். தலைக்கு மேல் அலை செல்கிறது. வீட்டுக்குள் அது நுழையவில்லை. கருவியின் விலை, மாதந்தோறும் செலுத்தும் கட்டணம், எழுத்தறிவின்மை, தாய்மொழியில் பயனுள்ள செய்திகள் குறைவாக இருத்தல், மின்சாரம் இல்லாமை எனத் தடைகள் பல. ஒரு வீட்டின் தடை மற்றொரு வீட்டின் தடையாக இருப்பதில்லை. அரசிடம் உள்ள பொருளோ அளவுடையது. எந்த ஊருக்கு முதலில் உதவுவது, எவ்வகை உதவியை அளிப்பது என்று முடிவு செய்ய வேண்டுமாயின், எவ்வீடுகள் தாமாகவே இணையத்தைப் பெறும், எவை பின்தங்கி நிற்கும் என்று முன்னரே அறிதல் இன்றியமையாதது. இங்குதான் கணிக்கும் பொறிக்கு வேலை உண்டாகிறது.

பொறி கற்கும் முறை

பொதுவாகக் கணிப்பொறி, மனிதர் எழுதிக்கொடுத்த விதிகளை வழுவாது செய்யும் ஏவலாள் போன்றது. விதி எழுதப்படாத செயலை அது செய்யாது. இதற்கு மாறாக, எடுத்துக்காட்டுகளைக் கண்டு பொறி தானே விதியை உணருமாறு செய்யும் முறை ஒன்றும் உண்டு. அமெரிக்க நாட்டு அறிஞர் ஆர்தர் சாமுவேல் என்பார், செக்கர்ஸ் என்னும் காய் ஆட்டத்தை ஆடி ஆடித் தன் திறனைத் தானே வளர்த்துக்கொள்ளுமாறு ஒரு கணிப்பொறியைப் பயிற்றினார். அதனைப் பற்றி அவர் 1959-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் ‘இயந்திரக் கற்றல்’ என்னும் பெயர் பரவியது.

வீட்டு இணையத்தைக் கணிக்கும் பொறிக்கு எடுத்துக்காட்டுகளாக அமைபவை, வீடு வீடாகச் சென்று திரட்டிய கணக்கெடுப்பு விடைகள். வீட்டில் எத்தனை பேர் உளர், குடும்பத் தலைவர் எதுவரை பயின்றார், தரை மண்ணா சிமெண்டா, கூரை எத்தகையது, மின்சாரம் உண்டா, வானொலியும் தொலைக்காட்சியும் உண்டா, ஊர் நகரமா சிற்றூரா என்பன போன்ற வினாக்களுக்கு ஒவ்வொரு வீடும் விடை தருகிறது. இறுதியில், இணையம் உண்டா இல்லையா என்னும் விடையும் குறிக்கப்படுகிறது. இவ்விறுதி விடையே பொறி கணிக்கக் கற்கவேண்டிய பாடம்.

பொறி கற்கும் வழிகளுள் எளிதில் விளங்குவது ‘முடிவு மரம்’ என்பது. எடுத்துக்காட்டாக, ஆயிரம் வீடுகளின் விடைகள் பொறியிடம் இருப்பதாகக் கொள்வோர், அவற்றை இரு கூறாகப் பிரிக்கவல்ல சிறந்த வினா யாது என அது தேடுவதைக் காணலாம். மின்சாரம் உண்டா என்னும் வினா வீடுகளை ஓரளவு பிரிக்கும். மின்சாரம் உள்ள கூற்றில், தலைவர் உயர்நிலைக் கல்வி முடித்தவரா என்னும் வினா அவற்றை மேலும் பிரிக்கும். இவ்வாறு கிளைக்குக் கிளை வினா எழுந்து, நுனியில் உள்ள ஒவ்வோர் இலையிலும் ‘இணையம் உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் முடிவு நிற்கும். புதியதொரு வீட்டின் விடைகளைத் தந்தால், பொறி அம்மரத்தின் அடியிலிருந்து நுனி வரை சென்று தன் முடிவைக் கூறும்.

ஒரு மரம் தவறக் கூடும். ஆதலின் லியோ பிரைமன் என்னும் புள்ளியியல் அறிஞர், ஒரு மரத்திற்கு மாறாகப் பல மரங்களை வளர்க்கும் முறையை 2001-இல் விளக்கினார். ஒவ்வொரு மரமும் வெவ்வேறு வீடுகளின் விடைகளைக் கொண்டும் வெவ்வேறு வினாக்களைக் கொண்டும் வளர்கிறது. பின்னர் எல்லா மரங்களும் வாக்களிக்க, பெரும்பான்மை முடிவே பொறியின் முடிவாகிறது. மரங்கள் பல சேர்ந்தமையால் இம்முறைக்குக் ‘காடு’ என்றே பெயர் அமைந்தது. ஊர்ப் பொதுவில் பலர் கூடி ஆராய்ந்து கூறும் தீர்ப்பு ஒருவர் தீர்ப்பினும் உறுதியுடையதாவது போன்றது இது.

கற்றதைச் சோதித்தல்

பாடத்தை மனப்பாடம் செய்த மாணவன், பாடநூலில் உள்ள வினாவுக்கே விடை கூறுவான். பாடத்தை உணர்ந்த மாணவனோ புதிய வினாவுக்கும் விடை கூறுவான். பொறிக்கும் இது பொருந்தும். எனவே திரட்டிய வீடுகளுள் ஒரு பகுதியைப் பொறிக்குக் காட்டாது மறைத்து வைத்து, பயிற்சி முடிந்தபின் அவற்றைக் கொண்டே தேர்வு நடத்துவர்.

அத்தேர்வுக்கு மதிப்பெண் இடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கென்யாவின் கணக்குப்படி ஆயிரம் வீடுகளை எடுத்துக்கொண்டால், இணையம் உடையவை 179, இல்லாதவை 821. எதனையும் கல்லாத சோம்பேறிப் பொறி ஒன்று, எல்லா வீடுகளையும் நோக்கி ‘இணையம் இல்லை’ என்று ஒரே விடையைக் கூறுவதாகக் கொண்டால், அது 821 வீடுகளில் சரியான விடையே கூறியிருக்கும்! நூற்றுக்கு 82 மதிப்பெண். ஆனால் இணையம் உடைய வீடுகளுள் ஒன்றனைக் கூட அது கண்டறியவில்லை. ஆதலால் அறிந்தோர் மொத்த மதிப்பெண்ணை மட்டும் நோக்கி மயங்குவதில்லை. இணையம் உடைய 179 வீடுகளுள் எத்தனையைப் பொறி கண்டுபிடித்தது என்றும், அது ‘உண்டு’ எனச் சுட்டிய வீடுகளுள் எத்தனையில் உண்மையாகவே உண்டு என்றும் தனித்தனியே வினவுவர்.

அடையாளமும் காரணமும்

பொறி கூறுவனவற்றுள் மிகுதியும் தவறாகப் பொருள் கொள்ளப்படுவது ஒன்று உண்டு. தொலைக்காட்சி உள்ள வீட்டில் இணையமும் இருக்கக்கூடும் என்று பொறி கற்றுக்கொள்வதாகக் கொள்ளலாம். அதனால், வீடுதோறும் தொலைக்காட்சி வழங்கினால் இணையமும் பெருகும் என்று எவரேனும் கூறினால், அது புகையை உண்டாக்கி நெருப்பு மூட்ட முயல்வதை ஒக்கும். தொலைக்காட்சி, வீட்டின் வருவாய்க்கு ஓர் அடையாளம், இணையத்திற்குக் காரணமன்று. பொறி அடையாளங்களை அறியுமேயன்றிக் காரணங்களை அறியாது. காரணத்தை ஆராய்வது மனிதரின் கடமை.

அடையாளங்களும் சில வேளைகளில் ஏமாற்றும். கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்னும் பணம் அனுப்பும் முறை, இணையம் இல்லாத எளிய செல்பேசியிலும் இயங்குவது. எனவே பணத்தைச் செல்பேசியில் கையாளும் குடும்பம் இணையத்தையும் கையாளும் என்று துணிய இயலாது. மேலும், வீட்டில் இணையம் உண்டு என்னும் விடை, வீட்டில் உள்ள அனைவர்க்கும் அது கிட்டுகிறது என்பதைக் காட்டாது. இணையம் உள்ள செல்பேசி தந்தையின் கையிலேயே இருக்க, தாயும் மகளும் அதனைத் தொடாதிருத்தலும் உண்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அப்பழமொழி பொருந்தும். தலைநகராகிய நைரோபியின் வீடுகளைக் கண்டு கற்ற பொறி, வடக்கே வறண்ட நிலத்தில் கால்நடை மேய்த்து வாழும் துர்க்கானா மக்களின் வீடுகளைப் பற்றிக் கூறும் சொல் பிழைபடலாம். அங்கே உறைவிடத்தின் கூரையும் தரையும் வேறு. செல்வம் என்பது ஆடும் ஒட்டகமுமாக நிற்பது. ஆகவே எல்லா நிலத்து வீடுகளும் எடுத்துக்காட்டுகளில் இடம்பெறுதல் வேண்டும். காலம் மாற, விலையும் வழக்கமும் மாறுதலால், பழைய கணக்கைக் கொண்டு கற்ற பொறியை மீண்டும் மீண்டும் பயிற்றுதலும் வேண்டும்.

கணிப்பும் கடமையும்

ஒரே கணிப்பு, அதனைக் கையில் ஏந்துவோரின் நோக்கத்திற்கேற்பப் பயன்படும். ‘இவ்வூரில் இணையம் பெறும் வீடுகள் மிகச் சில’ என்று பொறி கூறுகிறது எனலாம். வணிகம் ஒன்றனையே கருதும் நிறுவனம், அங்கே கோபுரம் அமைப்பது வீண் செலவு என்று விலகிச் செல்லும். கோபுரம் இல்லாமையால் அவ்வூரார் இணையம் பெறார். அடுத்த கணக்கெடுப்பில் அவ்வூர் ‘இல்லை’ என்றே விடை தரும். அவ்விடையைப் பாடமாகக் கொண்டு பொறி தன் பழைய முடிவை மேலும் உறுதியாகக் கூறும். இவ்வாறு கணிப்பே காரணமாகிவிடுகிறது. மழை வரும் என்று உழவன் கூறுவதால் மழை வருவதில்லை. இணையம் வாராது என்று பொறி கூறுவதாலோ அது வாராமலே போகவும் கூடும். இயற்கையைக் கணிப்பதற்கும் மக்களைக் கணிப்பதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

அதே பட்டியலைக் கடைசி வரியிலிருந்து படிக்கவும் இயலும். கென்யாவில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் ஒரு பங்கைச் செலுத்தும் பொதுச் சேவை நிதி ஒன்று உண்டு. வணிகம் செல்லாத இடங்களுக்குத் தொடர்பு வசதி செய்வதே அதன் நோக்கம். இத்தகைய நிதியை ஆள்வோர்க்கு, ‘பெறாது’ என்று பொறி சுட்டும் ஊரே முதலில் செல்லவேண்டிய ஊராகும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய டோகோ இவ்வழியில் ஒரு பாடத்தைத் தந்துள்ளது. 2020-இல் பெருந்தொற்றால் மக்கள் பிழைப்பு இழந்தபோது, அந்நாட்டு அரசு ‘நொவிசி’ என்னும் திட்டத்தின் வழியாக வறியோரின் செல்பேசிக்குப் பணம் அனுப்பியது. செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கொண்டு வறிய பகுதிகளையும், செல்பேசிப் பயன்பாட்டுக் குறிப்புகளைக் கொண்டு வறிய மனிதரையும் கற்கும் பொறிகள் சுட்டிக்காட்டின. 2022-இல் வெளியான ஆய்வு, ஊர்களை மட்டும் தேர்ந்து உதவும் முறையைவிட இம்முறையில் விடுபட்டோர் குறைவு என்று கண்டது. ஆனால், வீடுதோறும் சென்று எழுதிய முழுமையான பதிவேடு ஒன்று இருந்திருப்பின், அது இதனினும் சிறந்திருக்கும் என்பதையும் அவ்வாய்வே கூறியது. செல்பேசியே இல்லாத ஏழையைச் செல்பேசிக் குறிப்புகளால் காண இயலாதன்றோ?

எனவே பொறியின் கணிப்பு ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. ‘இவ்வீடு இணையம் பெறாது’ என்று அது கூறும்போது, ‘ஏன் பெறாது?’ என்று கேட்பவரே அதனால் பயன் அடைவர். அவ்வீட்டிற்கு நேரிற்சென்று கேட்டால் விலையா, மின்சாரமா, கல்வியா, மொழியா என்பது விளங்கும்; தடை விளங்கினால் அதனை நீக்கும் வழியும் விளங்கும். தடை நீங்கிய வீட்டில் பொறியின் கணிப்புப் பொய்த்துப் போகும். அவ்வாறு பொய்த்துப் போவதே அக்கணிப்பினால் விளையும் மிகச் சிறந்த பயனாகும்.