வகுபடும் என்பது தெரியும், எதனால் என்பது தெரியாது

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்ற யூக்ளிடின் நிரூபணத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இனி வரும் கேள்வி கடினமானது. ஒரு பெரிய எண்ணைக் கையில் கொடுத்தால் அது பகா எண்ணா, பகு எண்ணா என்று எப்படிச் சொல்வது? 2, 3, 5, 7 என்று வகுத்துப் பார்ப்பது பள்ளியில் கற்ற வழி. அந்த வழியில், பகு எண் என்று காட்டுவதும் காரணியைக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலை. அதனாலேயே இரண்டும் ஒன்று என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அவை இரு வேறு அறிவுகள். 147573952589676412927 என்ற 21 இலக்க எண்ணின் வரலாறே அதற்குச் சாட்சி. 2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் இது கிடைக்கும். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்று சேர்த்திருந்தார். 1876இல் எதுவார் லூக்கா இது பகு எண் என்று நிரூபித்தார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. 193707721, 761838257287 என்ற இரு காரணிகளை 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் முன்வைத்தார். முதல் அறிவுக்கும் இரண்டாம் அறிவுக்கும் நடுவே 27 ஆண்டுகள்.

காரணியே தெரியாமல் நிரூபணம் எப்படி? பகா எண்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த எண்ணிடம் அது இல்லை என்று காட்டினால் போதும். 2ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 என்கிறது ஃபெர்மாவின் சிறு தேற்றம். 7க்கு 2இன் 6ஆம் அடுக்கு 64, மீதி 1. 15க்கு 14ஆம் அடுக்கு 16384, மீதி 4. எனவே 15 பகா எண் அல்ல. இந்தக் கணக்கில் 3ம் தலைகாட்டவில்லை, 5ம் தலைகாட்டவில்லை. லூக்கா கையாண்ட சோதனை வேறு, தர்க்கம் இதேதான்.

341 இந்தச் சோதனையில் தேறிவிடுகிறதே, அது 11 × 31 அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். தேறுவது எதையும் நிரூபிக்காது, தோற்பதுதான் நிரூபிக்கும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கணக்கில் பிழை நேர்ந்திருந்தால்? காரணிகள் கையில் இருந்தால் பெருக்கிப் பார்த்து யாரும் சரிபார்க்கலாம். லூக்காவின் முடிவை அப்படிச் சரிபார்க்க முடியாது. காரணிக்கு இருக்கும் இந்த மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சரிபார்க்க எளிதாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. 2இன் 24ஆம் அடுக்கு எதுவோ, அந்த அடுக்குக்கு 2ஐ உயர்த்தி 1ஐக் கூட்டினால் கிடைப்பது 24ஆம் ஃபெர்மா எண். அதற்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அது பகு எண் என்று 1999இல் கணினிகளில் தனித்தனியாகக் கணக்கிட்டு உறுதிசெய்தார்கள். அதன் காரணி எதுவும் இன்னும் அகப்படவில்லை.

இந்த இடைவெளி நம் திறமைக்குறைவால் வந்ததாகவும் இருக்கலாம் என்பார் உண்டு. கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002இல் தந்த வழி, பகா எண்ணா இல்லையா என்பதை ஐயமின்றி, இலக்கங்களின் எண்ணிக்கையோடு கட்டுக்குள் வளரும் நேரத்தில் சொல்லிவிடும். காரணி காண அத்தகைய வழி சாதாரணக் கணினிகளுக்கு இதுவரை இல்லை. இருக்கவே முடியாது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. நிரூபிக்கப்படாத அந்தக் கடினத்தை நம்பித்தான் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் 1977இல் தங்கள் மறைகுறி முறையை அமைத்தார்கள். அதன் உள்ளமைப்பை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.