ஆல்பத்தில் பாட்டி முகம்

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றி, ஆல்பம் தயாரிக்கும் ஆர்வம் நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒரே பக்கத்தில் பத்துப் படங்களை அடுக்கினால், பேரப்பிள்ளை எந்த முகத்தைப் பார்ப்பான்?

பக்கத்துக்கு ஒரு படமே பிரதானம். அது பாட்டியின் படமென்றால், மற்றவற்றைவிட இரு மடங்கு பெரிதாக வையுங்கள். அவர் பார்வை பக்கத்தின் உட்புறம் திரும்பியிருக்கட்டும். வெளியே பார்த்தால் நம் கண்ணும் வெளியே போய்விடும். படம் கறுப்பு வெள்ளையா? சுற்றியுள்ள வண்ணப் படங்களின் நிறத்தைச் சற்றுக் குறையுங்கள். மெல்லிய வெள்ளைக் கரையும் லேசான நிழலும் கொடுத்தால் முகம் எடுப்பாகத் தெரியும். பூ, கோல அலங்காரங்கள் ஓரத்தோடு நிற்கட்டும். இதற்கெல்லாம் 'கிம்ப்' என்ற இலவச மென்பொருளே போதும்.

சிறிய படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். இரு மடங்கு பெரிதாக்கினாலும் அச்சுக்கு வேண்டிய 300 புள்ளிகள் மிஞ்சும்.

படத்தின் கீழே பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை மறவாமல் எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி சேர்ப்பதிலும் தவறில்லை. விவரம் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவோம்.