ராணி வீட்டில் ஐந்து பியானோ! தெரியுமா?

ஸ்பெயின் ராணி மரியா பார்பரா 1758இல் இறந்ததும் அரண்மனைகளில் இருந்த பொருள்களுக்குக் கணக்கெடுத்தார்கள். கட்டை வைத்த வாத்தியங்கள் மட்டும் பன்னிரண்டு! அவற்றில் ஐந்து, ஃப்ளாரன்ஸ் நகரில் பியானோவாகவே செய்யப்பட்டவை. இரண்டைப் பிற்பாடு ஹார்ப்சிகார்டாக மாற்றிவிட்டார்கள். மூன்று பியானோவாகவே இருந்தன. பியானோவைக் கண்டுபிடித்த க்ரிஸ்டோஃபோரி வேலை செய்த ஊரும் அதே ஃப்ளாரன்ஸ்தான். அந்த ராணிக்காக அவள் குரு ஸ்கார்லாட்டி எழுதிய சொனாட்டாக்களைப் பியானோவில் வாசிப்பது அத்துமீறல் என்று இன்றும் சிலர் சொல்கிறார்களே, அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்!

ராணியின் உயில் இன்னும் ருசி. மஞ்சள் வைர மோதிரம் ஒன்று, தன் இசை ஏடுகள் அத்தனையும், மூன்று வாத்தியங்கள். எல்லாம் யாருக்கு? பாடகர் ஃபரினெல்லிக்கு! அந்த மூன்றில் ஒன்று சுத்தியல் வைத்தது என்று உயிலே சொல்கிறது. சுத்தியல் என்றால் பியானோதானே! 1770இல் ஆங்கிலேயர் சார்லஸ் பர்னி போலோன்யாவில் ஃபரினெல்லியைத் தேடிப் போனார். கிழவர் தன் வாத்தியங்களுக்கு ஓவியர்களின் பெயர் சூட்டி வைத்திருந்தார். முதல் செல்லம் எது தெரியுமா? 1730இல் செய்த ஃப்ளாரன்ஸ் பியானோ. அதன்மேல் பொன்னெழுத்தில் ரஃபேலின் பெயர்!

ராணியின் குரு தொமெனிகோ ஸ்கார்லாட்டி ஸ்பானியரே அல்லர், தெரியுமா? 1685இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். பாக், ஹாண்டெல் பிறந்ததும் அதே ஆண்டுதான். லிஸ்பனில் இளவரசியாக இருந்தபோதே மரியா பார்பராவுக்குப் பாடம் சொன்னார். அவள் 1729இல் மணமாகி ஸ்பெயின் போனாள். இவரும் கூடவே போனார், 1757இல் மாட்ரிட்டில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். எழுதிய சொனாட்டாக்கள் 555. அவர் தாமே முன்னின்று அச்சிட்டவையோ வெறும் முப்பது! அவர் கைப்பட எழுதிய சொனாட்டாச் சுவடி ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ராணிக்காகப் படியெடுத்த பதினைந்து தொகுதிகள் வெனிஸ் நூலகத்தில் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

ஒரு சிக்கலும் உண்டு. மறைக்கக் கூடாது. ராணியிடமிருந்த பெரிய ஸ்பானிய ஹார்ப்சிகார்டுகளில் 61 கட்டைகள். பியானோக்களில் அதைவிடக் குறைவு. எனவே சில சொனாட்டாக்களை அன்றைய அந்தப் பியானோக்களில் முழுசாக வாசிக்கவே முடிந்திருக்காது. இன்றைய பியானோவிலோ 88 கட்டை!

ஹார்ப்சிகார்டில் இறகுத் தண்டு தந்தியைச் சுண்டும். விரல் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் அநேகமாக ஒன்றேதான். அதனால் ஸ்கார்லாட்டி ஓசை கூட்ட வேறு வழி கண்டார்: ஒட்டி ஒட்டி நிற்கும் சுரங்களை ஒரே பிடியில் அள்ளிப் போட்டார். அவர் சொனாட்டாக்களுக்கு கிர்க்பாட்ரிக் என்பவர் எண் போட்ட பட்டியலில் 119ஆம் சொனாட்டாவைக் கேளுங்கள், கிதாரை முழுக்கையால் வாரி அடிப்பதுபோல் இருக்கும்! பியானோவில் இதை அப்படியே இடித்தால் காது வலிக்கும். நல்ல கலைஞர் ஒவ்வொரு விரலுக்கும் வேறு வேறு கனம் கொடுத்து உள்ளிருக்கும் ராகத்தைத் தூக்கிக் காட்டுவார். பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸ் மேடையை விட்டு ஒதுங்கியிருந்த ஆண்டுகளில், 1964இல், பதிவு செய்த ஸ்கார்லாட்டித் தட்டு இதற்குப் பாடப்புத்தகம்.

அதே ஸ்பெயினில் சொனாட்டா எழுதிய எல் எஸ்கோரியால் மடத்துத் துறவி அந்தோனியோ சொலேரை விட்டுவிட முடியுமா? 1772இல் அங்கே வந்த ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவிடம் 27 சொனாட்டாக்களைக் கொடுத்தனுப்பினார். அவை லண்டனில் அச்சேறின. கேம்பிரிட்ஜில் இருக்கும் அருங்காட்சியகம் அந்தப் பிரபு பெயரில்தான்! சொலேரைப் பியானோவில் கேட்க பார்சிலோனாக்காரர் அலிசியா தெ லாரோச்சாவைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, ஸ்கார்லாட்டியின் 141ஆம் சொனாட்டா. ஒரே கட்டையை ஆறாறு முறையாக மின்னல் வேகத்தில் தட்ட வேண்டும்! பெரிய பியானோவில் இது எப்படிச் சாத்தியம்? பாரிஸ்காரர் எரார் 1821இல் காப்புரிமை வாங்கிய ஒரு பொறியால்தான். கட்டை முழுசாக மேலே எழும்பும் முன்பே சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். மார்த்தா ஆர்கெரிச் கச்சேரி முடிந்தபின் ரசிகர்களுக்காகக் கூடுதலாக வாசிக்கும் விருப்ப இசை இந்தச் சொனாட்டா. தேடிக் கேளுங்கள், இன்றைக்கே!