உஷார்! ‘வைரஸ் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்காக டெனோஃபோவிரோ என்டெகாவிரோ சாப்பிடுகிறவரா நீங்கள்? ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்ததும், “அப்பாடா, குணமாகிவிட்டது” என்று மாத்திரைக்கு முழுக்குப் போடும் எண்ணமா? வேண்டவே வேண்டாம்!

அந்த ரிப்போர்ட் சொல்வது ரத்தத்தின் கதையை மட்டும். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் மரபணு ஒரு வளையமாகப் பதுங்கிக் கிடக்கிறது. அதை இந்த மாத்திரைகளால் தொட முடியாது. வைரஸ் பெருகாமல் அமுக்கி வைக்க மட்டுமே முடியும். நீங்களாக நிறுத்தினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தலைதூக்கும். அதை ஒழிக்கக் கிளம்பும் நம் எதிர்ப்புச் சக்தி கல்லீரல் செல்களையே அழிக்கும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. நாற்பதுக்குள் இருந்தது, ஆயிரத்தைக்கூடத் தாண்டலாம். சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) உள்ளவர் என்றால் உயிருக்கே உலை. அமெரிக்காவில் இந்த மருந்துகளின் விவரத்தாளில் இதே எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிடுகிறார்கள். சிலருக்கு நிறுத்தலாம்தான், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். நிறுத்திய பிறகும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு.

“கீழாநெல்லி இருக்க மாத்திரை எதற்கு?” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியால் பலருக்கு இந்த வைரஸ் மறைந்ததாக ‘லான்செட்’ இதழில் எழுதியது உண்மை. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டாவது செய்திதான் நம் ஊரில் யார் காதிலும் விழவில்லை!

புற்றுநோய்க்குக் கீமோவோ, மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டோ தொடங்கும் முன், ஹெபடைடிஸ் பி இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தால், அடங்கிக் கிடக்கும் வைரஸ் அந்தச் சிகிச்சையில் கிளர்ந்தெழக்கூடும். மாத்திரை சாப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். என்டெகாவிர் வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டெனோஃபோவிர் சாப்பிட்டால் கிரியேட்டினின் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீரகத்துக்காக.

கையில் காசில்லை என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அரசு சிகிச்சை மையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள், கையிலிருக்கும் அட்டை தீர்வதற்குள்.