கடவுச்சொற் பேழையை மாற்றுதல்

மக்கள் தம் பொருளைக் காக்கும் முறை காலந்தோறும் மாறி வருவதாகும். முன்னாளில் இரும்புப் பெட்டியும் அதன் சாவிக்கொத்தும் ஒரு குடும்பத்தின் செல்வத்தைக் காத்தன. இந்நாளிலோ வங்கிக் கணக்கும், மின்னஞ்சலும், தேர்வு விண்ணப்பமும், இரயில் முன்பதிவும் தனித்தனியே ஒவ்வொரு சொல்லாற் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. அச்சொல்லே கடவுச்சொல் எனப்படுவது. ஒருவர்க்கு ஐம்பது கணக்குகள் உளவாயின், ஐம்பது சொற்களையும் நினைவிற் கொள்ளுதல் அரிது. ஒரே சொல்லை எல்லாவற்றிற்கும் இடுதலோ, ஒரு சாவி களவுபோயின் வீடு முழுவதும் களவுபோகவிடுதலை ஒக்கும். இவ்விடரை நீக்கத் தோன்றிய கருவியே பாஸ்வேர்டு மானேஜர். அதனை ஈண்டுக் கடவுச்சொற் பேழை என வழங்குவோம். உரியவர் தலைமைக் கடவுச்சொல் ஒன்றனை மட்டும் நினைவிற் கொள்ள, ஏனையவற்றைப் பேழையானது மறையெழுத்தாக்கித் தன்னுட் பூட்டி வைக்கும்.

பேழையொன்றை விட்டு மற்றொன்றிற்குப் பெயர வேண்டிய நிலை பலர்க்கும் நேர்கின்றது. அதற்குக் காரணம் பல. சில பேழைகள் நிறுத்தப்படுகின்றன. மைக்ரோசாப்ட் ஆதென்டிகேட்டர் என்னும் செயலி கடவுச்சொற்களைக் காக்கும் பணியை 2025 ஆகஸ்டில் விட்டொழித்தது. டிராப்பாக்ஸ் பாஸ்வேர்ட்ஸ் என்பதும் 2025 அக்டோபர் 28-இல் மூடப்பட்டது. சில பேழைகள் நம்பிக்கை இழக்கின்றன. லாஸ்ட்பாஸ் நிறுவனத்தினின்று வாடிக்கையாளர் பேழைகளின் காப்புநகல்கள் களவுபோயின என்னும் செய்தியை அந்நிறுவனமே 2022 டிசம்பரில் வெளியிட்டது. விலையும் வசதியும் கருதி மாறுவாரும் உளர். எக்காரணத்தால் மாறினும் மாறும் முறை ஏறக்குறைய ஒன்றே. அதனை விளக்குதலே எம் நோக்கம்.

முதற்கண் ஓர் உண்மையை உளங்கொள்ளல் வேண்டும். பழைய பேழையுள் இருக்குங்காறும் நம் சொற்கள் பூட்டப்பட்டுள்ளன. புதிய பேழையுட் புகுந்தபின்னும் பூட்டப்பட்டுவிடும். இரண்டிற்கும் இடைப்பட்ட சிறுபொழுதில் அவை யாவரும் படிக்கத்தக்க வெற்றெழுத்தாக வெளியே நிற்கும். இம்மாற்றத்தில் நேரும் கேடுகளிற் பெரும்பாலன அச்சிறுபொழுதிலேயே விளைவன. ஆகலின் அப்பொழுதைச் சுருக்குதல் முதல் விதி. புதியது நன்கமைந்தது என்று தெளியுமுன் பழையதை அழியாதிருத்தல் இரண்டாம் விதி. இவ்விரண்டினும் அடங்காத செய்கை இதன்கண் மிகச் சிலவே.

இனி, ஓர் எடுத்துக்காட்டால் முறையை விளக்குவோம். கூகிள் குரோம் உலாவியிற் சேமித்தவற்றைப் பிட்வார்டன் என்னும் பேழைக்கு மாற்றுவதாகக் கொள்வோம். தொடங்குமுன் பிட்வார்டனிற் கணக்கைத் திறந்து, நீண்டதும் பிறர் ஊகிக்கலாகாததுமான ஒரு தலைமைக் கடவுச்சொல்லை அமைத்தல் வேண்டும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து அமைப்பது நினைவிற்கு எளிது. அதனை ஒரு தாளில் எழுதி, சான்றிதழ்களோடு பத்திரமாக வைத்துக் கொள்க. மறந்தவர்க்கு அதனை மீட்டுத்தர அந்நிறுவனத்தாலும் இயலாது. அது தன்பால் இல்லாததாலன்றோ அந்நிறுவனத்தை நாம் நம்புகின்றோம்! இவ்வேலையைச் சொந்தக் கணினியிற் செய்தல் வேண்டும். நூலகக் கணினியும், விடுதித் தோழர் கணினியும், பிரௌசிங் சென்டரும் இதற்கு ஆகா.

அடுத்தது ஏற்றுமதி. குரோமின் பாஸ்வேர்டு மானேஜரில் அமைப்புகள் பகுதியைத் திறந்து, கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்க என ஏவினால், கணினியின் கடவுச்சொல்லை ஒருமுறை கேட்டபின், அது சி.எஸ்.வி. என்னும் கோப்பொன்றைத் தரும். இக்கோப்பின் இயல்பை அறிதல் நன்று. இது வெறும் எழுத்தாலாய அட்டவணை. பெயர், தளமுகவரி, பயனர்பெயர், கடவுச்சொல், குறிப்பு என ஐந்து தலைப்புகள் முதல் வரியில் நிற்கும். அதன்கீழ் ஒவ்வொரு கணக்கும் ஒவ்வொரு வரியாய், கால்புள்ளிகளாற் பிரிக்கப்பட்டு வரும். பூட்டோ மறையெழுத்தோ இதன்கண் இல்லை. இதனைக் கையிற் பெற்றவர் எவராயினும் நம் கணக்குகள் அனைத்தையும் பெற்றவராவர். ஆதலின் இதனை மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ தமக்குத் தாமே அனுப்பிக் கொள்ளுதலும் தகாது. கூகிள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற இணையக் கிடங்குகளோடு தானே இணையும் மடிப்பில் இதனை இறக்குதலும் தகாது. நாம் இங்கே அழித்தபின்னும் அதன் படி ஆங்குத் தங்கிவிடக் கூடும்.

இக்கோப்பை எக்செல்லில் திறந்து பார்க்கும் ஆவல் பலர்க்கும் எழும். அவ்வாறு திறந்து சேமித்துவிட்டால் அறியாமலே கேடு விளையும். எக்செல் எண்களைக் கணக்கென்றே கொள்ளும் இயல்பிற்று. 007315 என்னும் கடவுச்சொல்லின் முன்னுள்ள பூச்சியங்களை நீக்கி 7315 என்றாக்கிவிடும். சமக்குறியில் தொடங்கும் சொல்லை வாய்பாடென மயங்கும். தமிழிற் குறிப்பு எழுதி வைத்திருப்பின், அவ்வெழுத்துகளும் உருத்திரிந்து தோன்றுவதுண்டு. ஆதலின் கோப்பைத் திறவாது வந்தவாறே கொடுத்தல் தக்கது.

பின்னர் இறக்குமதி. பிட்வார்டனின் இணையதளத்திற் புகுந்து, கருவிகள் என்னும் பகுதியில் இறக்குமதியைத் தெரிந்து, கோப்பின் வகை குரோம் சி.எஸ்.வி. எனக் குறித்துக் கொடுத்தல் வேண்டும். வகையைத் தவறாகக் குறிப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இடம் மாறி அமைதல் கூடும். ஒருமுறை கொடுத்ததையே மறுமுறையும் கொடுத்தால், அது முன்னுள்ளதை ஒப்புநோக்காது ஒவ்வொன்றையும் இரண்டாக்கி வைக்கும். எனவே முதன்முறை ஏற்றது பிழையாயின், அதனை முற்றும் நீக்கிய பின்னரே மறுமுறை ஏற்றுக.

இனி, சோதனை. பழையதிலும் புதியதிலும் உள்ள கணக்குகளின் தொகை ஒத்துள்ளதா என்று முதலிற் காண்க. தொகை ஒத்தால் மட்டும் அமையாது. மின்னஞ்சல், வங்கி, கல்லூரிக் கணக்கு ஆகிய இன்றியமையாத சிலவற்றினின்று வெளியேறி, புதிய பேழையின் துணைகொண்டு மீண்டும் உட்புகுந்து பார்த்தல் வேண்டும். மின்னஞ்சலை முதலிற் சோதித்தல் சிறப்பு. ஏனைக் கணக்குகளின் சொல் மறந்தவழி மீட்கும் வழி பெரும்பாலும் அதன் வாயிலாகவே வருதலின் என்க. சோதனை முடிந்தவுடன் சி.எஸ்.வி. கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியினின்றும் நீக்கிவிடல் வேண்டும். அதனை நாளைக்கென்று ஒத்திவைத்தல் ஆகாது.

எல்லாப் பொருளும் இவ்வண்டியில் ஏறா என்பதும் அறியத்தக்கது. பேழையில் இணைத்து வைத்த ஆவணப் படங்கள் சி.எஸ்.வி.யில் வாரா, அவற்றைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். பாஸ்கீ எனப்படும் புதுமுறைச் சாவிகளும் அக்கோப்பில் அடங்கா. அவற்றை ஒவ்வொரு தளத்திலும் புதிதாகப் பதிந்து கொள்ளல் வேண்டியதாகும். இக்குறையை நீக்க ஃபைடோ கூட்டமைப்பு என்னும் அமைப்பு, பேழைக்கும் பேழைக்கும் இடையே நேரே மாற்றிக் கொள்ளும் பொதுமுறையொன்றின் வரைவை 2024-இல் வெளியிட்டது. 2025-இல் வந்த ஐ.ஓ.எஸ். 26 அவ்வழியை ஏற்றுள்ளது. இம்முறை எங்கும் பரவின், வெற்றெழுத்துக் கோப்பென்னும் இடரே ஒழியும்.

பழைய பேழையை என் செய்வது? தானே சேமிக்கும் அதன் பழக்கத்தை உடனே நிறுத்துக. இல்லையேல் புதுச் சொற்கள் சில அங்கும் சில இங்குமாய்ச் சிதறும். இரண்டு மூன்று வாரம் அதனை வாளா வைத்திருந்து, குறையொன்றும் இல்லையெனத் தெளிந்தபின், அதிலுள்ளவற்றை அழித்து விடுக.

நிற்க. பேழையை மாற்றினோம், அச்சம் தீர்ந்தது என்று எண்ணுவார் உளர். அஃது எப்பொழுதும் உண்மையன்று. லாஸ்ட்பாஸ் களவில் திருடர் கைப்பட்டவை மறையெழுத்தில் அடைபட்ட கடவுச்சொற்களும், மறைக்கப்படாது நின்ற தளமுகவரிகளுமாம். தலைமைச் சொல் எளியதாயிருந்தோர் பேழைகள் பின்னொரு நாளில் திறக்கப்படலாம். அத்தகையோர் தம் சொற்களை அப்படியே புதிய பேழைக்கு ஏற்றிச் சென்றால், திருடன் கையிலுள்ள சாவிக்கேற்ற பூட்டையே புதுவீட்டிலும் இட்டவராவர். களவுபோன பேழையை விட்டு வருவோர் முதலில் மின்னஞ்சல், வங்கிச் சொற்களையும், பின்னர் ஏனையவற்றையும் மாற்றுதல் கடன். ஏனையோர்க்கும் இது நற்றருணமே. பயனற்ற கணக்குகளை மூடவும், ஒரே சொல்லைப் பல இடத்து இட்டிருப்பின் அதனைத் திருத்தவும் இதனினும் வாய்ப்பு வேறு வாராது.

சுருங்கக் கூறின், நன்கு ஆயத்தஞ் செய்தல், திறவாது மாற்றுதல், சோதித்தல், உடனே அழித்தல், பழையதை மெல்ல விடுதல் என்னும் ஐந்துமே இதன் முறையாம். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை இது. இப்பொழுதே செய்து பழகினோர், கல்லூரி விட்டு அலுவல் மேற்கொள்ளும் நாளில் பிறர் பொருளையும் மறையையும் காக்கும் பொறுப்பு வருங்கால் தடுமாறார் என்பது எம் துணிபு.